நாலாம் நம்பர் பதில்

பிப்ரவரி 5: குடிநீர் 9
பிப்ரவரி 19: குடிநீர் 17
மார்ச் 5: குடிநீர் 26
மார்ச் 19: குடிநீர் 41

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த பெண் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்த கணக்கு இது. எதைப் பற்றி எத்தனை மனு வந்தது என்று உறுப்பினர் பார்ப்பது இந்த ஒரு தாளைத்தான். மனுக்களை அவர் பார்ப்பதில்லை.

அவள் அரசியல் படித்தவள். சம்பளம் கிடையாது, ஆறு மாதம் முடிந்தால் ஒரு சான்றிதழ். அதற்குள் அவள் அம்மா, மகள்தான் உறுப்பினருக்கு வலது கை என்று தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். வலது கைக்குக் கிடைத்தது ஜெராக்ஸ் மெஷினுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே ஒரு மேசை.

உதவியாளர் ஒரே மூச்சில் வேலையைச் சொல்லிக் கொடுத்தார்.

"முழுசா படிச்சா விடிஞ்சிடும்மா. முதல் நாலு வரி பாரு. தண்ணின்னு இருந்தா குடிநீர், குழின்னு இருந்தா சாலை. எல்லாத்துக்கும் பதில் அடிச்சு வச்சிருக்கு. குடிநீருக்கு நாலாம் நம்பர். பேரை மாத்து, அனுப்பு."

"ரெண்டும் இல்லன்னா சார்?"

"அப்ப அது கல்யாணப் பத்திரிகையா இருக்கும். என்கிட்ட குடு."

அவள் கை வேகத்தைப் பார்த்து அவரே ராக்கெட் என்று பேர் வைத்தார்.

தையற்காரர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒன்று எழுதினார். 'எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டி தொடர்பாக' என்று தொடங்கும். நான்குக்கும் நாலாம் நம்பர் போயிற்று: தங்கள் பகுதிக்குக் கூடுதல் குடிநீர் வழங்க ஆவன செய்யப்படும். சரியான பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்றைக் கண்ட உறுப்பினர், ஏப்ரல் 16 முதல் தொட்டிகள் தினம் இருமுறை முழுக்க நிரப்பப்படும் என்று அறிவித்தார்.

தையற்காரரின் ஐந்தாவது கடிதம் வந்த அன்று மின்சாரம் போயிற்று. பதில் அடிக்க வழியில்லாமல் அவள் அதைச் சன்னலோரம் பிடித்துக் கடைசிவரை படித்தாள்.

'அறிவிப்பைப் பார்த்தேன். தொட்டியைத் தாங்கும் தூண் விரிசலில் இப்போது விரல் நுழைகிறது. பாதி நிரப்பினாலே எங்கள் கூரைமேல் தூள் கொட்டுகிறது. நிரப்பாதீர்கள் என்றுதான் முதலிலிருந்தே எழுதுகிறேன். மாமியாரால் எழுந்து நடக்க முடியாது.'

பழைய கட்டைப் பிரித்தாள். நாற்பத்தொன்றில் பதினெட்டு அந்தத் தெருவினுடையவை. எதிலும் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. கட்டோடு உதவியாளரிடம் ஓடினாள்.

"சார், இவங்க வேணாம்னு கேக்கறாங்க."

"பேப்பர்லயே வந்தாச்சு ராக்கெட். தொகுதில தண்ணி வேணாம்கறாங்கன்னு நான் போய்ச் சொன்னா, எனக்கு லீவு குடுத்து அனுப்பிடுவார்."

"தொட்டி விழுந்துட்டா?"

"எத்தனை வருஷமா நிக்குது. கட்டடம்னு பிரிச்சு இன்ஜினியருக்கு அனுப்பு. வந்து பாப்பாரு."

அனுப்பினாள். பொறியாளர் அடுத்த மாதம் வருவதாகப் பத்து நாள் கழித்துச் சொன்னார்கள். தையற்காரருக்கும் அப்படியே பதில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தாள்.

"அண்ணா, கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது போயிடுங்க."

"படுத்த படுக்கையா இருக்கவங்கள வச்சுக்கிட்டு எங்கம்மா போறது? யாரு வீடு குடுப்பா?" தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீங்க அங்கதான வேலை பாக்கறீங்க? நிறுத்தச் சொல்லுங்களேன்."

"சொல்லிட்டேன் அண்ணா."

"அப்ப நிறுத்திடுவாங்க," என்றார் அவர், நிம்மதியாக.

ஏப்ரல் 16 காலை உறுப்பினர் கழுத்தில் மாலையோடு நின்று வால்வைத் திறந்தார். படத்தில் உதவியாளரும் இருந்தார்.

அந்தத் தெருவிலிருந்து இன்னும் ஒரே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எதிர்க்கடைக்காரர். பொறியாளர் வருவார் என்று தையற்காரர் பெயருக்கு நீங்கள் அனுப்பிய பதிலைத் தபால்காரர் என்னிடம் கொடுத்துப் போனார், இனி அனுப்ப வேண்டாம், வாங்க அந்த வீட்டில் ஆள் இல்லை, வீடும் இல்லை என்று நாலு வரிக்குள் முடித்திருந்தார். அது வந்த தேதி ஏப்ரல் 19.