கடைசி ஐந்து வீடுகள்

பதினோரு வருடமாக எனக்கு ஒரு ஆற்றாமை. எங்கள் தெருவில் ஒன்பது பேர் டைபாய்டில் படுத்தபோது, மொத்தப் பழியையும் என் அக்கா புருஷன் தலையில் போட்டார்கள். தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. தொட்டியில் குளோரின் கலக்காமல் திறந்துவிட்டார் என்று மனு எழுதி, வேலையை விட்டு நீக்கச் சொன்னார்கள். கலந்ததற்குப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. யார் பார்த்தார்கள்?

தோளில் இரும்புச் சாவியோடு விடியும் முன்பே கிளம்புவார். வால்வைத் திறந்ததும் தெருவின் கடைசிக் குழாய்க்குப் போய், முதலில் வரும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து விழுங்குவார். மருந்து வாடை அதுவரை வருகிறதா என்று பார்க்க அவருக்கு வேறு கருவி யாரும் கொடுக்கவில்லை. இருபத்தாறு வருடம் நாக்கை வைத்தே ஓட்டினார்.

"சாப்பாட்டுல உப்பு இல்லைன்னா தெரியாது, தெருத்தண்ணிக்கு ருசி பாக்குறாராம்" என்பாள் அக்கா.

மனு கொடுத்த அந்த வாரம் கடைசிக் குழாயில் வாடை வராமல் போக, அவர் வீடு வீடாகக் குடித்துப் பார்த்தார். பிறகு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, உன் வீடு வரைக்கும் வாடை இருக்கு. அதுக்கப்புறம் அஞ்சு வீட்டுல இல்ல. படுத்திருக்கிற ஒம்பது பேரும் அந்த அஞ்சு வீடுதான்."

"அதுக்கு?"

"தண்ணிய நிறுத்தினதும் குழாய் காலி. அப்பவும் மோட்டர் போட்டு உறிஞ்சுறானுங்க. எங்கயாவது கீறல் இருந்தா சாக்கடையும் சேர்ந்து உள்ள போயிடும். ஒருத்தன் வயித்துல இருந்து போனது இன்னொருத்தன் சொம்புக்கு வருது. உன் வாசப்படிக்கு அடியிலதான் குழாய் சாக்கடையத் தாண்டுது."

நான் கொத்தனார். அந்தப் படி அதற்கு மூன்று மாதம் முன்பு நானே கட்டியது. பள்ளம் தோண்டும்போது கடப்பாரை எதிலோ ணங்கென்று பட்டது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மேலே சிமெண்ட் போட்டுவிட்டேன்.

"வேற எடம் பாருங்க அத்தான்" என்றேன்.

தெருக்கூட்டத்தில் அவர் கீறலைப் பற்றிச் சொன்னபோது, "என்ன வால்வுக்காரா, நாக்குல மிஷின் வெச்சிருக்கியா?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை.

அவர் கடைசிக் குழாயில் குடிப்பதை மட்டும் விடவில்லை. நானும் தடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் அவருக்கே காய்ச்சல் வந்தது. வெறும் அசதி என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்றாவது வாரம் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கடைசி வீட்டுக் குழந்தை ஒன்று படுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடப்பாரை விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்டா. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

நான் அவர் காலைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டார்.

"இங்க நின்னு என்ன பண்ணப் போற? காலையில தண்ணி திறந்துடுவாங்க. அதுக்குள்ள போயி அந்தப் படிய உடை."