அக்காவை எடுக்காத கிளப்

ஈர மண்ணின் மணத்தோடு யூக்கலிப்டஸ் தைலத்தின் காரமும் கலந்து வந்தால், மிச்சம் என்னும் ஊரின் திடலில் அக்கா ரக்பி லீக் ஆடிய அந்தக் குளிர்காலம் என் முன்னால் வந்து நிற்கிறது. அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. பந்தோடு ஓடி வருபவளின் இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்து நிலத்தில் சாய்ப்பதில் அவளுக்கு நிகராக அந்த வட்டாரத்தில் எவரும் இருக்கவில்லை. தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களையும் சாய்த்துவிட்டுக் கைகொடுத்துத் தூக்கியும் விடுவாள். அப்பா அதை "அடிபிடி விளையாட்டு" என்பார். ஆனாலும் ஷிப்டை மாற்றிக்கொண்டு அவளைக் காரில் ஏற்றிவருவார்.

ஒரு சனிக்கிழமை, பெரிய கிளப் ஒன்றின் இளம்பெண்கள் அணிக்கு ஆள் தெரிவு செய்பவர் வந்திருந்தார். அந்த அணியில் ஓரிடம்தான் காலியாக இருந்தது. அதற்காகவே அக்கா அந்த வருடம் முழுவதும் விடியலில் எழுந்து ஓடினாள். ஆட்டம் முடிந்ததும் அவர் கோட்டோரம் நின்ற அம்மாவிடம் வந்து, மகள் நல்ல பலசாலிதானே என்று விசாரித்தார். அந்நியர் முன்னால் பிள்ளையின் பெருமை சொன்னால் "நாவூறு" படும், குறை சொன்னால்தான் பிள்ளை தப்பும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா பதறினார்.

"நோ, நோ. வெரி வீக் கேர்ள். ஆல்வேய்ஸ் ஃபீவர். நோ ஈட்டிங்!"

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம், அக்கா அன்று திரும்பத் திரும்பச் சாய்த்த ஒரு பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது. உடல்நிலை பற்றித்தான் கிளப் தயங்கியது என்று அக்காவின் பயிற்சியாளர் வந்து சொன்னார்.

"அம்மா, எனக்கு எப்ப காய்ச்சல் வந்தது?" என்றாள் அக்கா.

"வராமல் இருக்கத்தான் சொன்னனான். பலசாலி எண்டு சொல்லி, நாளைக்குக் கால் முறிஞ்சால்?"

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கிளப்பில சேர்க்க வந்தவனிட்டச் சொல்லி, கொம்மா உன்னை ஆஸ்பத்திரியில எல்லோ சேர்த்துவிட்டிட்டா!"

அக்கா சிரிக்கவில்லை. அம்மாவும் தலைகுனியவில்லை. "ஓம், நான் சொன்னனான்தான். முழு ஆட்டத்தையும் கண்ணால பாத்தவனுக்கு என்ர வாய் எதுக்கு?"

அன்று அது வெறும் சமாளிப்பாகவே எனக்குப் பட்டது. இன்று இலக்கியம் படிக்கிறேன். நூல் முழுவதையும் வாசித்த பின்னும் பின்னட்டையை நம்பித் தீர்ப்பு எழுதுபவரை எங்கள் வகுப்பில் எவரும் மன்னிப்பதில்லை. அம்மாவின் கேள்விக்கு அந்தக் கிளப்பிடம் பதில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தச் செய்தி வந்த மறு சனிக்கிழமையே அக்கா வழக்கம்போலத் திடலுக்குப் போனாள். அவள் ஆடிய அந்தப் பெண்கள் அணி பின்னர் கலைந்துவிட்டது. கோல் கம்பங்களைப் பிடுங்கிய இடத்தில் புல் மூடிவிட்டது. கோட்டோரம் நின்று கத்திய தாய்மார் ஊருக்கொருவராகச் சிதறிவிட்டனர். தாதியாக வேலை செய்யும் அக்கா, ஷிப்ட் இல்லாத நாட்களில் தோர்ண்டன் ஹீத்தில் இன்னமும் ஆடுகிறாள்.

அண்மையில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கலியாண வீட்டில், உறவுக்கார மாமி ஒருவர் பெருமூச்சு விட்டார்: "பாவம் பெரியவள், நல்லதொரு சந்தர்ப்பத்தைத் தவறவிட்டிட்டாள்."

"அவள் ஒண்டையும் தவறவிடேல்லை மாமி. அவங்கள்தான் அவளைத் தவறவிட்டவங்கள்," என்றேன்.

மாமி திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். "ஒரு சொல்லும் பேசாத உன்ர சின்னவள் வாய் திறப்பாளோ?"

"ஓம் மாமி," என்றேன், அம்மாவை முந்திக்கொண்டு. "இதுக்குத் திறப்பன்."