யார் கை காட்டினாலும்

பெரியப்பா இருபத்தாறு ஆண்டுகள் கோபுரக் கிரேன் ஓட்டியவர். காலையில் ஏணியில் ஏறினால் மதியம்தான் இறங்குவார். மேலே கேபினில் ஒரு நாற்காலி, இரண்டு லீவர், ஒரு தண்ணீர் பாட்டில், காலுக்கடியில் ஒரு கண்ணாடி. உலகத்தை அவர் பார்த்ததெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். வேலையிடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கேபின்’ என்றே சொல்வார்கள். “கேபின் சாப்பிட்டாச்சா?” “கேபினுக்கு இன்னிக்கு மூஞ்சியே சரியில்லையே.”

போன ஆண்டு அவருடைய இடது முழங்கால் தேய்ந்துபோனது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “படி ஏறலாம், ஏணி ஏறக் கூடாது” என்றார். கிரேனுக்குப் படி கிடையாது. ஏணி மட்டும்தான்.

கம்பெனி அவரை வெளியே அனுப்பவில்லை. வாசலில் உட்கார்ந்து, வருகிற லாரிகளின் எண்ணை எழுதச் சொன்னது. ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. சாலையைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடம் முதுகுப் பக்கம். உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால் பெரியப்பா திரும்பிப் பார்ப்பார். அதற்குள் ஒரு லாரி எண்ணை எழுதாமல் உள்ளே போய்விடும். மாலையில் வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. “ஆளு மட்டும்தான் வீட்டுக்கு வர்றாரு. வாயைக் கம்பெனி வாசல்லயே வெச்சுட்டு வர்றாரு” என்று பெரியம்மா என்னிடம் தொலைபேசியில் சொன்னார்.

நான் அதே கம்பெனியின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். கட்டடத்தை வாரம் ஒருமுறை நான்கு பக்கமும் மேலிருந்து வீடியோப் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படங்களுக்குத் தலைப்பிட்டு அடுக்குவது என் வேலை. ட்ரோன் ஓட்ட வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். இதை ஒருநாள் பேச்சுவாக்கில் பெரியம்மாவிடம் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான். மறுநாள் காலை பெரியப்பா மேலாளரின் அறை வாசலில் நின்றிருந்தார்.

மேலாளர் மூன்று வாரம் கொடுத்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை ட்ரோனைக் கிளப்பி, ஒரே மூச்சில் நான்கு பக்கமும் ஆட்டமில்லாமல் எடுத்து, பத்திரமாக இறக்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் அந்த வேலை அவருக்கு. முடியாவிட்டால் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி.

கம்பெனி அவரை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியது. சான்றிதழும் வந்தது. பறக்கவிடத்தான் வரவில்லை.

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாசித்து, கிளப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பேட்டரி நிறைந்திருக்கிறதா, இறக்கைகள் இறுகியிருக்கின்றனவா, போதுமான செயற்கைக்கோள்கள் கிடைத்துவிட்டனவா, பக்கத்தில் இரும்பு இல்லையா. கடைசி வரியில் பெரியப்பா நின்றுவிட்டார்.

“இரும்பு பக்கத்துல இருந்தா அதுக்கு திசை குழம்பிடுமாம். கட்டடம் கட்டுற எடத்துல இரும்பு இல்லாத எடத்துக்கு நான் எங்க போவேன்?”

“உங்க தலையில வெச்சுக் கிளப்புங்க. அங்க வெறும் களிமண்ணுதான்” என்றார் பெரியம்மா, அடுப்படியிலிருந்து.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. அங்கே விளையாட வருகிறவர்கள் எட்டு மணிக்குமுன் வரமாட்டார்கள். இருவரும் விடிந்ததும் போய்விடுவார்கள். ட்ரோன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறதா, பக்கத்தில் ஆள் யாரும் வருகிறார்களா என்று பார்க்க இன்னொருவர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொறுப்பு பெரியம்மாவுக்கு. ஒரு மடக்கு நாற்காலியும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு, வழக்கு விசாரிக்கப் போகிறவரைப் போலப் போவார்.

முதல் வாரம் ட்ரோன் குடித்தவனைப் போல ஆடியது. காரணம் எங்களுக்குப் புரியவில்லை. பெரியப்பாவின் கை அப்படிப்பட்டதல்ல. பத்தாவது மாடியில் ஒரு கண்ணாடிச் சட்டத்தைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்த கை அது. கடைசியில் காரணமும் அந்தக் கைதான் என்று தெரிந்தது. கிரேனில் தொங்குகிற சுமை நிறுத்தியதும் நிற்காது, ஊஞ்சல்போல் ஆடும். ஓட்டுகிறவர் அது ஆடும் பக்கமே கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தி ஆட்டத்தை அடக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். இங்கே ட்ரோன் தானாகவே நின்றுகொள்ளப் பார்க்கும்போது இவர் அதன் ஆட்டத்தை அடக்கப் போவார். இல்லாத ஆட்டத்தைத் துரத்தித் துரத்தி இவரே ஆட்டத்தை உண்டாக்கினார். நான்காம் நாள் அது நேராகப் போய் கோல் வலையில் மாட்டிக்கொண்டது.

“கோல்!” என்று பெரியம்மா கைதட்டினார்.

“காத்து, காத்து தள்ளிடுச்சு.”

“ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். மரத்துல ஒரு இலை அசையல. காத்தாம்!”

பெரியப்பா வலையில் சிக்கியதை ஒவ்வொரு நூலாக விடுவித்தார். இரண்டு இறக்கைகளை மாற்ற வேண்டியிருந்தது. அன்றிரவு அவர் சாப்பிடும்போதுகூட இரண்டு கட்டைவிரல்களும் அசைந்துகொண்டிருந்தன என்று பெரியம்மா சொன்னார். அப்போது அவர் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் போயிருந்தேன். ட்ரோன் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓட்டப்பயிற்சிக்காரர் ஒருவர், காதில் பாட்டு கேட்டபடி, நேராக அதன் அடிக்கு ஓடி வந்தார்.

“ஏங்க, ஆள் வர்றாரு!” பெரியம்மா கத்தினார். பெரியப்பா காதில் விழவில்லை. “ஏங்க!” அதுவும் விழவில்லை. பெரியம்மா எழுந்து அவர் எதிரில் போய் நின்று, வலது கையை நேரே மேலே தூக்கி உள்ளங்கையை அவருக்குக் காட்டினார். கிரேன் வேலையில் ‘நிறுத்து’ என்பதற்கான சைகை அது. கல்யாணமான புதிதில், பேச வேறு விஷயம் இல்லாமல், பெரியப்பா அவருக்கு எல்லாச் சைகைகளையும் சொல்லிக் கொடுத்திருந்தாராம்.

பெரியப்பாவின் இரண்டு கட்டைவிரல்களும் அந்த நொடியே ரிமோட்டின் லீவரைவிட்டு எழுந்தன. ட்ரோன் ஆணி அடித்தாற்போல் நின்றது. ஓட்டக்காரர் எதையும் கவனிக்காமல் பக்கத்தில் ஓடிப் போனார்.

பெரியப்பா மேலே பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார்.

“தானா நிக்குதே!”

“அது நிக்கிறது இருக்கட்டும். நீங்க நின்னீங்களே! வாயால சொன்னா கேக்காத மனுஷன் கையைக் காட்டினா நிக்கிறாரே. இது தெரியாம இருபத்தஞ்சு வருஷமா தொண்டத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேனே!”

“அது அப்படித்தான். மத்த சைகையெல்லாம் நம்ம சிக்னல்காரர் காட்டினாத்தான் கேக்கணும். நிறுத்துன்னு மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தணும். மொதலாளியா, மண்ணு சுமக்கிறவரான்னு பாக்கக் கூடாது. மொதல்ல நிறுத்து, அப்புறம் ஏன்னு கேளு.”

“பொண்டாட்டி காட்டினா?”

“அதுவும் யாரோதான?”

பெரியம்மா பிளாஸ்க் மூடியால் அவர் தோளில் ஒன்று போட்டார்.

அதற்குப் பிறகு வேலை எளிதானது. ஆட்டம் கண்டால் விரலை எடு, ட்ரோன் நிற்கட்டும், பிறகு மெல்லத் தொடங்கு. இன்னொரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. திரையில் தெரியும் காட்சியில் பெரியப்பா மூழ்கிவிடுவார். ஒருநாள் அப்படித் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓட்டியதில் விளக்குக் கம்பத்துக்கு ஒரு முழம்வரை போய்விட்டது. பெரியம்மா கை தூக்கியதால் தப்பியது. “எங்கங்க போயிட்டீங்க?” என்று கேட்டதற்கு, “மேல ஏறிட்ட மாதிரியே இருந்துச்சு” என்றார் பெரியப்பா. அதன்பின் பெரியம்மா ஐந்துவரை எண்ணுவார். ஐந்து என்றதும் திரையைவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். சில நாட்களில் எண்ணாமலே பார்க்க வந்துவிட்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை மேலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியப்பா கால் மணி நேரம் தளம் முழுக்க நடந்து, கம்பிக் குவியல்களைவிட்டு விலகி, மணல்மேட்டில் ஒரு மரப்பலகையைப் போட்டார். தாளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தளத்தின் விதிப்படி அன்று பார்வையாளராகக் கம்பெனியின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றார். பெரியம்மா வாசலுக்கு வெளியே. நான் அலுவலகக் கதவருகில், கையில் தேவையில்லாத ஒரு கோப்புடன்.

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது. மூன்றாவது பக்கத்தில் ட்ரோன் தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. நான்காவது பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டது.

“என்ன ஆச்சு?” என்றார் மேலாளர்.

“ஒருத்தர் கை காட்டுறார் சார்.”

திரையில், பதினோராவது மாடியின் ஓரத்தில், ஒரு கொத்தனார் வலது கையை நேரே தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, சிலைபோல நின்றிருந்தார்.

“சும்மா காட்டுறான். நீங்க போங்க.”

“நிறுத்துன்னு காட்டுறார் சார். கையை எறக்கட்டும்.”

“எனக்கு நேரமில்ல.”

“எறக்கட்டும் சார்.”

கொத்தனார் இறக்கவில்லை. பேட்டரி நாற்பத்திரண்டு சதவீதம் என்று காட்டியது. பிறகு முப்பத்தெட்டு. பார்வையாளர் மேலே பார்த்துக் கத்தினார். சத்தம் அவ்வளவு உயரம் எட்டவில்லை. முப்பத்து மூன்று. பெரியப்பாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஆனால் விரல்கள் லீவரைத் தொடவில்லை. முப்பது ஆனதும் திரும்பிவிட வேண்டும் என்று தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். முப்பதானதும் அவர் ட்ரோனை நேரே மேலே உயர்த்தி, ஆள் இல்லாத பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, பலகையின் நடுவில் இறக்கினார்.

“நாலு பக்கம்னு சொன்னேன். ஒரே மூச்சுலன்னு சொன்னேன்.”

“ஆமா சார்.”

“மூணுதான் ஆச்சு.”

“ஆமா சார்.”

பெரியப்பா குனிந்து இறக்கைகளை மடக்கத் தொடங்கினார். முழங்கால் மடங்காததால் ஒரு காலை நீட்டி, மணலில் பக்கவாட்டில் உட்கார்ந்து மடக்கினார். நான் கோப்பைத் திறந்து மூடினேன்.

அப்போது அந்தக் கொத்தனார் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“படம் நல்லா வந்துச்சா கேபின்? எனக்கு ஒண்ணு வேணும், வீட்டுக்கு அனுப்பணும். சும்மா ஒரு கை தூக்கிக் காட்டினேன், அது எனக்கு நேரா வந்து நின்னுச்சா, சரி நம்மளத்தான் எடுக்குறாங்கன்னு நானும் அசையவே இல்லையே. ஆடினா மங்கிடும்ல?”

இவர் அசையாததால் அவர் அசையவில்லை. அவர் அசையாததால் இவர் அசையவில்லை. பார்வையாளர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். மேலாளருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

“பாத்தீங்களா? போஸ் குடுத்தவனுக்காக வேலையைக் கெடுத்துக்கிட்டீங்களே!”

“போஸ் குடுத்தாருன்னு இப்பதான சார் தெரியுது. அப்பத் தெரியாதே.”

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னொரு பேட்டரி வெச்சிருக்கீங்களா?”

“இருக்கு சார்.”

“நாலாவது பக்கத்தை எடுங்க. யோவ், நீ இங்கயே நில்லு. கையைப் பாக்கெட்டுக்குள்ள விடு.”

மதியம் மேலாளர் என் மேசைக்கு வந்து, நின்றபடியே நான்கு பக்கங்களையும் பார்த்தார். ஆட்டம் இல்லை. கதவுவரை போனவர் திரும்பி, “திங்கட்கிழமையிலிருந்து வாசலுக்கு வேற ஆள் வேணும்னு ஒரு கடிதம் தயார் பண்ணும்மா” என்றார். நான் “சரி சார்” என்றேன். தட்டச்சு செய்ததில் மூன்று பிழைகள் வந்தன.

மாலையில் பெரியம்மாவிடம் சொன்னேன். “அந்தக் கொத்தனாருக்குப் படத்தைக் குடுத்தாச்சா, இல்லையா?” என்று கேட்டார்.

எட்டு மாதம் ஆகிறது. கொத்தனாரின் கதை தளம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது ட்ரோன் கிளம்பினால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து யாராவது கையைத் தூக்காமல் இருப்பதில்லை. தூக்கினால் ட்ரோன் நிற்கிறது. இறக்கும்வரை நிற்கிறது. ஆரம்பத்தில் விளையாடியவர்கள் பிறகு அவர்களாகவே சீக்கிரம் இறக்கிவிடத் தொடங்கினார்கள். பேட்டரி முப்பதானால் கேபின் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

“வேணும்னே பண்றாங்க பெரியப்பா” என்றேன் ஒருநாள்.

“தெரியும்மா. ஆனா எவன் விளையாடுறான், எவன் நெசமா காட்டுறான்னு அவ்வளவு தூரத்துலேருந்து எனக்கு எப்படித் தெரியும்? நின்னுட்டுப் போறேன். பத்து செகண்டுதான?”

உரிமையாளருக்கு அனுப்பும் முன் அந்தப் பத்து விநாடிகளை வெட்டிவிடச் சொல்லி எனக்கு உத்தரவு. வெட்டிவிடுகிறேன். போன வாரம் ஒன்பதாவது மாடியில் ஆறு பேர் தோளில் கைபோட்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் இருந்தவர் மட்டும் கையைத் தூக்கியிருந்தார். வெட்டிய துண்டுகளை அழித்துவிடும்படி இதுவரை யாரும் சொல்லவில்லை.