மரத்துக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தவர்

ஊரில் அவருக்குப் பெயர் தரகர். மனுஷருக்கு ஒரு கல்யாணமும் முடித்து வைத்தவர் இல்லை. வனத்துறை நாற்றுப்பண்ணையில் மரம் ஏறி விதை பறிப்பது வேலை. காய் பிடிக்காத மரத்துக்கு மகரந்தம் கொண்டுவந்து பூவில் தடவுவதும் அவர்தான். அதனால்தான் அந்தப் பெயர்.

ஐம்பதைத் தாண்டியாச்சு, முழங்கால் முனகுகிறது. ஆனாலும் ஒவ்வொரு மரத்தடியிலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். "ஆண்டவனே, ஏத்திவிடுறதும் நீதான், இறக்கிவிடுறதும் நீதான். நடுவுல கையை விட்டுட்டேன்னு வை, நேரா உன்கிட்டதான் வந்து நிப்பேன்." அவர் வந்து நிற்பதை ஆண்டவனும் விரும்பவில்லை போல. இதுவரை விழுந்ததில்லை.

அவர் கவலையெல்லாம் ஒரே ஒரு மரத்தைப் பற்றித்தான். அந்த இனத்தில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. காய்க்காத மரம் எதுக்கு என்று ஜனங்கள் ஆண் மரங்களையெல்லாம் வெட்டிக் கதவு செய்துகொண்டார்கள். பிறகு பெண் மரங்களும் காய்க்கவில்லை. அடடா, இதுவும் காய்க்கலையே என்று அதையும் வெட்டினார்கள். ஆண்டவன் புத்தி கொடுத்த அன்றைக்கு இவர்களெல்லாம் வேறு வரிசையில் நின்றுவிட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய ஒரே பெண் மரம் தரகருடைய மச்சான் கொல்லையில் நின்றது. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு தச்சர். எந்த மரத்தைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு அலமாரிதான் தெரியும்.

"மாப்பிள்ளே, பூத்துப் பூத்துக் கொட்டுது, ஒரு காய் இல்ல. இந்த வருஷமும் காய்க்கலேன்னா என் மகளுக்குக் கட்டில் ஆயிடும், சொல்லிட்டேன்."

"காய்ச்சா?"

"காய்ச்சா, நான் இருக்கிற வரைக்கும் ரம்பம் படாது. போதுமா?"

பண்ணைக்குப் பின்னால் ஒரு ஆண் மரம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே தாய் மரத்து விதையில் முளைத்தவை, கூடப்பிறந்தவை. முன்னொரு தடவை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில், வந்த நாற்றெல்லாம் வெளுத்துப்போய் முழங்கால் உயரம் வருவதற்குள் செத்தது. அதனால் தரகர் பஸ் பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே காட்டில் இருந்த ஆண் மரத்தில் ஏறி, கடைசிப் பூங்கொத்துகளை உலுக்கி, மஞ்சள் பொடியை ஒரு டப்பாவில் நிரப்பிக்கொண்டு பொழுது சாயும்போது வீடு வந்தார். டப்பாவைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தவர்தான்.

காலையில் பார்த்தால் டப்பா பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

"இதுல இருந்த பொடி எங்கடி?"

"எறும்பு மருந்துதானே? சோறாக்குற இடத்துல விஷத்தை வைப்பாங்களா? நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டேன்."

"அடிப்பாவி! மாப்பிள்ளையைச் சாக்கடையில விட்டுட்டியே!"

தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். திரும்பப் போனாலும் அங்கே பூ இல்லை. இங்கே விரிந்த பூ நாளைக்குள் வாடிவிடும். சேதி கேட்ட மச்சான் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பண்ணை மரத்துப் பூவைப் பறிச்சுத் தேய்ச்சு விடேன்யா. காய் காய்தானே? நானா கண்டுபிடிக்கப் போறேன்?"

"காய் வரும் மச்சான். முளைக்கிறது நோஞ்சானா முளைக்கும். மரத்தைக் காப்பாத்த வம்சத்தைக் கெடுக்கவா?"

சொல்லிவிட்டாரே தவிர மனசு ஆடியது. "கட்டிலா, நோஞ்சானா? நீயே சொல்லு" என்று மேலே பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் ஆண்டவன் தான் பேசாமல் பெண்டாட்டியைப் பேச விட்டுவிடுவார்.

"ஏங்க, அந்த மஞ்சப் பொடிதானே உங்க சட்டை பூரா அப்பிக்கிடந்துச்சு? அதை இன்னும் துவைக்கல. நாத்தம் தாங்காம பையில போட்டு வெளியே மாட்டியிருக்கேன்."

தரகர் எழுந்து ஓடினார். இத்தனை வருஷத்தில் அவர் சட்டையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கொல்லை மரத்தில் ஏறி, ஒவ்வொரு பூங்கொத்தின் மேலும் சட்டையைப் பொத்திப் பொத்தி உதறினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"துவைக்காத சட்டையிலயா மாப்பிள்ளை வர்றாரு?" என்றார் மச்சான்.

"காலரை நல்லா உதறுங்க! அங்கதான் ஜாஸ்தி!" என்று கீழேயிருந்து கத்தினாள் மனைவி.

தரகரின் கை எட்டியது கிழக்குப் பக்கக் கிளைகள் வரைக்கும்தான். பூ உதிர்ந்தபின் அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பச்சையாகக் காய் தொங்கியது. மச்சான் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு பக்கம் காய்ச்சா, காய்ச்ச கணக்காகுமா?"

"அண்ணே, உனக்கு ஒரு பக்கம்தான் பல்லு இருக்கு. அதுக்காக அரைச் சோறா போடுறோம்?" என்றாள் தங்கச்சி.

மச்சான் கோபக்காரர், ஆனால் சொன்ன சொல்லில் நிற்பவர். மகளுக்குக் கடையில் இரும்புக் கட்டில் வாங்கினார். தச்சர் வீட்டில் இரும்புக் கட்டில்! ஊர் சிரித்தது. அந்த வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் தரகர் மட்டும் சிரிக்கமாட்டார், கட்டிலைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.