எங்கள் மாடிப் படையில் சேர்ந்த புது ஆள்

என் மகளுக்கு ஏழு வயது. பள்ளி விட்டு வந்து பால் குடித்து முடித்தால் பதினாறு. எங்கள் மொட்டை மாடிக்கு ஏறும் பிள்ளைகள் எல்லோருக்குமே அங்கே பதினாறு வயதுதான். வருஷம் இரண்டாயிரத்து நூறு. அவர்கள் பூமியைக் காப்பாற்றும் படை. உண்மையிலேயே பதின்மூன்று முடிந்தவள் வீட்டு ஓனரின் மகள் ஒருத்திதான், அதனால் அவள் தலைவி. எதிர்வீட்டுப் பையனுக்கு இரும்பைத் தின்று செரிக்கும் வயிறு. என் மகளின் சக்தி வேகம். மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு இறங்கி வருவாள்.

ஆம்பூரில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஆண்கள் பெரும்பாலும் தோல் கம்பெனிக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிறவர்கள். என் கணவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில், தோலுக்கு நிறம் தெளிக்கும் பிரிவில் சூப்பர்வைசர். நான் வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள்.

"மா, எங்க டீம்ல புதுசா ஒருத்தி சேந்துட்டா."

"யாரு?"

"சொல்லக் கூடாது. ரகசியம்."

பிள்ளைகள் ரகசியம் என்றால் விடாதீர்கள், பக்குவமாகக் கேளுங்கள் என்று பள்ளிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். பக்குவம் எது என்று சொல்லவில்லை. நான் கேட்டேன்.

"எந்த வீட்டுப் பொண்ணு?"

"வீடெல்லாம் கெடையாது. வேற கிரகம்."

"பாக்க எப்பிடி இருப்பா?"

"பாதி மூஞ்சிதான் தெரியும். மாஸ்க் போட்டிருக்கா. கழட்டவே மாட்டா. கழட்டுனா அவ பவர் அவளுக்கே தாங்காது. வாந்தி வந்துடும்."

வாந்தி என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாஸ்க், வாந்தி இரண்டையும் போனில் தட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கணவரிடம் சொன்னேன்.

"மேல் வீட்டுக்கு கோத்தகிரிப் பக்கத்துலருந்து புதுசா வந்திருக்காங்களே, அவங்க பொண்ணா இருக்கும். போய்க் கேளேன்," என்றார்.

"எப்பிடிங்க கேக்கறது? உங்க பொண்ணுக்கு இன்னா வியாதின்னா?"

"அப்ப கேக்காத."

அவர் எப்போதும் இப்படித்தான். இரண்டு வழியையும் திறந்து வைத்துவிட்டு என்னை நடுவில் நிறுத்திவிடுவார்.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் சாம்பார் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்தார். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. மேசைமேல் ஊதுபத்தி புகைந்தது.

"வாங்கக்கா. தப்பா நினைச்சுக்காதீங்க, வீடே அடைச்சுக் கிடக்கு. இந்த வாடை பாப்பாவுக்கு ஒத்துக்கல. சாப்பிட்டது நிக்க மாட்டேங்குது. வெளிய போனா மாஸ்க் போட்டுத்தான் அனுப்பறேன்."

"என்ன வாடை?" என்று கேட்டேன்.

மனதாரத்தான் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"நெசமாவே உங்களுக்குத் தெரியலீங்களா?"

அப்போதுதான் நினைவு வந்தது. காவேரிப்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இந்தத் தோல் வாடைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறேன். அது எப்போது நின்றது? நின்ற நாள் என்று ஒன்று இல்லை. இறங்கி வரும்போது படிக்கட்டில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கியது. வேறு எதுவும் வரவில்லை. வியாதி இல்லை என்று நிம்மதியாகவும் இருந்தது, என்னிடமே ஏதோ குறைந்துவிட்டது போலவும் இருந்தது.

மாடியில் அந்த வாடைதான் புது ஆளின் சக்தி ஆகியிருந்தது. மற்ற பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். ஒருவருக்கும் எதுவும் வருவதில்லை. அவளுக்கு மட்டும் வந்தது. பாலாற்றுப் பக்கம் பார்த்துக் கைப்பிடிச் சுவரோரம் கண்ணை மூடி நிற்பாளாம். "வருது" என்பாளாம். உடனே எல்லோரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்க வேண்டும். வருவதுதான் எதிரி. உருவம் இல்லாதவன், காற்றில் வருகிறவன். சில நாளில் அவள் மற்றவர்களுக்கும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். என் மகள் வீட்டிலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் வேலை முடிந்து வந்ததும் வாசல் கேட்டருகே வண்டியை நிறுத்துவார். மகள் ஓடிப்போய் பெட்ரோல் டேங்க் மேல் ஏறிக்கொள்வாள். கேட்டிலிருந்து படிக்கட்டு வரை சவாரி. ஒரு நாளும் தவறியதில்லை. அன்று அவள் போகவில்லை. என் பின்னால் நின்றாள்.

"இன்னா மேடம், வண்டி கெளம்புது," என்றார் அவர்.

மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். சற்றுக் காத்திருந்துவிட்டு அவர் தனியாக உள்ளே வந்தார்.

சமையலறையில் என் காதோடு சொன்னாள். "மா, அப்பா மேல அது வருது."

"எது?"

"எதிரி. அப்பா அவங்க ஆளா?"

இல்லவே இல்லை என்றேன். சொன்ன பிறகு, அப்படி உடனே மறுத்திருக்கக் கூடாதோ, அவளை முழுசாகப் பேசவிட்டிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். வியர்வை வந்தது. அதற்கு மேல் லேசாக, நிறத்தில் கலக்கும் தின்னர் நெடி வந்ததா, அவர் வேலை தெரிந்ததால் வந்ததாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. வந்ததும் வராததுமாக அவர் குளிக்கப் போய்விடுவார். சுத்தக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் குளிக்கிறாரா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை.

அடுத்த நாளும் மகள் கேட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

"நா இன்னா பண்ணேன்? திட்டினனா?" என்று என்னைக் கேட்டார்.

"ஏதோ வெளாட்டுங்க."

"வெளாட்டா இருந்தா சரி."

அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் கேட்டருகே வண்டியின் வேகத்தைக் குறைப்பதை நிறுத்திவிட்டார். நேராக உள்ளே வந்துவிடுவார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவரிடம் சொன்னால் வலிக்கும். சொல்லாவிட்டால் அவராக எதையாவது நினைத்துக்கொள்வார். அப்பாவையும் மகளையும் இப்படியே விட்டால் பழகிப்போய்விடும் என்றும் பயமாக இருந்தது. கடைசியில் மாடிக்குப் போய்ப் படையிடமே பேசுவது என்று முடிவு செய்தேன்.

"அது எதிரி கெடையாது. தோலுக்குப் போடற மருந்து வாசன. வேல செய்யற எடத்துல ஒட்டிக்கும், அவ்ளோதான்," என்றேன்.

தலைவி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "ஆன்ட்டி, உங்களுக்கு வருதா?"

"இல்ல."

"அப்போ எப்பிடித் தெரியும்?"

படித்த வேதியியலில் இதற்குப் பதில் இல்லை. இரும்பு தின்னும் பையன், "ஆன்ட்டி மூக்க எதிரி எடுத்துட்டான்," என்றான். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். என் மகள் தரையைப் பார்த்தாள். வந்தது தப்பு, இறங்கிவிடலாம் என்று திரும்பினேன்.

அப்போது புது ஆள் பேசினாள். மாஸ்க்குக்குள்ளிருந்து சின்னக் குரல்.

"எங்கப்பா மேலயும் வருது. மொதல்ல இல்லைங்க. இந்த ஊருக்கு வந்தப்புறம்தான். நான் இப்ப அவர் கிட்டயே போறதில்ல."

தலைவியின் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா மேல வருதா?"

"பக்கத்துல போனாத்தான் சொல்லுவேன்."

படை கீழே இறங்கியது. நானும் பின்னாலேயே போனேன். இது மரியாதையா, யாராவது கோபித்துக்கொண்டால் என்ன செய்வது, தடுக்க வேண்டியது நான்தானே என்றெல்லாம் நினைத்தேன். தடுக்கவில்லை. வேலை விட்டு வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன.

முதலில் இரும்பு தின்னும் பையனின் அப்பா. புது ஆள் மாஸ்க்கைக் கீழே இறக்கிக்கொண்டு அவர் அருகே போனாள். முகம் சுருங்கியது. "வருது."

"இன்னாடா இது, இந்தப் பாப்பா நாய்க்குட்டி மாறி மோந்து பாக்குது?" என்றார் அவர்.

அடுத்து வீட்டு ஓனர், வெள்ளைச் சட்டையில் வந்தார். தலைவி அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். புது ஆள் கொஞ்சம் யோசித்தாள்.

"அத்தர் வருது. அதுக்கு அடியில அதுவும் வருது."

"சபாஷ்! கம்மியா ஜாஸ்தியா?" என்று சிரித்தார். பிறகு தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார்.

பிறகு புது ஆளின் அப்பா நடந்து வந்தார். அவரை அவள் மோந்து பார்க்கவில்லை. தூரத்திலேயே தலையை மட்டும் ஆட்டினாள்.

என் கணவர் நிற்காமல் உள்ளே போகத்தான் வந்தார். பிள்ளைகள் வழியில் நின்றதால் பிரேக் போட்டார். புது ஆள் அவர் தோளருகே எம்பி மூச்சிழுத்தாள்.

"வருது. எங்கப்பாது மாதிரியேதான்."

எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். "எல்லார் மேலயும் வந்தா அப்போ எதிரி யாரு?" என்றான் இரும்பு தின்னும் பையன். அவள் உதட்டைக் கடித்தாள். "நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

"எம் மேல இன்னா வருது?" என்று கணவர் என்னைக் கேட்டார்.

இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னேன். அவர் எஞ்சினை அணைத்தார். சட்டையைப் பார்த்தார். யாரையும் பார்க்காமல் மகளிடம் மெதுவாக, "குளிச்சிட்டு வந்துடறேன் பாப்பா. அப்புறமா ஏறிக்க," என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள், புது ஆளைப் பார்த்தாள். புது ஆள் எப்போதோ அவளுடைய அப்பாவின் அருகே போய், அவர் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. என் மகள் ஒரு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு, சிரமப்பட்டு டேங்க் மேல் ஏறினாள்.

"சீக்கிரம் போப்பா. மூச்சு முட்டுது," என்றாள் மூக்கடைத்த குரலில்.

அவர் எஞ்சினைப் போடவில்லை. காலால் உந்தி உந்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மூக்கிலிருந்து கையை எடு என்று அவளிடம் சொல்ல வேண்டுமா, அப்படியே விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் படிக்கட்டருகே போய்விட்டார்கள்.