ஸ்பிரிங் இறுக்கும் நேரம்

ஓசூர் ஒர்க்‌ஷாப்பில் எங்கள் பழைய காரின் சக்கரத்துக்கு மேலிருக்கும் துருப்பிடித்த காயில் ஸ்பிரிங்கில் மெக்கானிக் மண்ணெண்ணெய் விட்டதும், துருவும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனையில், சூளகிரி ரோட்டோரம் இருந்த அப்பாவின் மெக்கானிக் ஷெட் நினைவில் வந்து நின்றது. இப்போது அங்கே மேம்பாலத் தூண்தான் இருக்கிறது. அப்பா ஸ்பிரிங்கை இறுக்கிக் கழற்றும்போதெல்லாம் அம்மா ரேடியோவை அணைத்துவிட்டு, எங்களைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்காரவைப்பாள். பிறகு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் திருகு கிரீச் கிரீச்சென்று ஏறும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"என்னக்கா, வெடிகுண்டா கழட்டறீங்க?" என்று வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.

"அதவிட மோசம்ணா. நழுவுனா ஆளையே சாச்சிரும். தள்ளி நில்லுங்க" என்பாள் அம்மா.

இங்கே மெக்கானிக் கிளாம்ப் இல்லாமல் ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டினார். என் மகள் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். காய்ச்சல் மருந்தின் அளவையே மூன்று முறை படித்துப் பார்ப்பவள் நான். இதுவும் வீண் பயமோ என்று தோன்றத்தான் செய்தது.

"கயிறு வேண்டாங்க, நிறுத்துங்க."

"எத்தன வண்டி பாத்திருக்கேன். பயப்படாதீங்க மேடம்."

"பயமாத்தான் இருக்கு. கிளாம்ப் கொண்டுவந்து கழட்டுங்க. அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

அவர் சிரித்தார். சிரிக்கட்டும். மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். அவர் கயிற்றை அவிழ்த்துக் கீழே போடும்வரை அங்கிருந்து நகரவில்லை.