நான்காம் ஆண்டும் நான்கு புதுப் பிள்ளைகளும்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியருக்குத் தொண்டை போகும், கால் போகும். மானம் போவது மட்டும் அறிமுக விளையாட்டில்தான். வகுப்பு நடுவே பந்தோடு நின்று அசடு வழிந்த ஆசிரியப் பெருமக்களே, இது உங்களுக்குத்தான்.

பந்து விளையாட்டு

குனோங் ராபாட் பக்கம் எங்கள் தமிழ்ப்பள்ளி. சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியைப் பிள்ளைகள் குறைந்துபோனதால் மூடிவிட, அங்கிருந்து நான்கு பேர் என் நான்காம் ஆண்டு வகுப்புக்கு வந்தார்கள். எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, பந்தைப் பிடிப்பவர் தன் பெயரையும் பிடித்த சாப்பாட்டையும் சொல்ல வேண்டும் என்றேன். பந்து புதிதாக வந்த தர்ஷினியிடம் போனது. அவள் தன் தோட்டத்துத் தோழியிடம் எறிந்தாள். தோழி அதே தோட்டத்துப் பையனிடம், அவன் மறுபடி தர்ஷினியிடம். நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் மகன் இர்ஃபான் நீட்டிய கையோடு நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், நாங்க போய் உக்காந்துக்கவா? இது அவங்க மேட்ச்லா."

வாசலில் ஒரு கெடு

தர்ஷினியின் அம்மா தொழிற்சாலை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து மகளை ஏற்றிக்கொள்வார். மறுநாள் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைத் தேடி வந்தார். வீட்டுக்குப் போனதும் பிள்ளை அழுகிறதாம், யாரையும் தெரியாது என்கிறதாம். ஏற்கெனவே என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. இவள் போனால் மற்ற மூவரும் பின்னாலேயே போய்விடுவார்கள். போகப் போகப் பழகிவிடுவாள் என்று இழுத்தேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன் டீச்சர். அப்புறமும் அழுதான்னா, வீட்டுப் பக்கத்துல சீன ஸ்கூல் இருக்கு, அங்க போட்டுருவேன்."

ஆளைக் கண்டுபிடி

பல்லிக்குப் பயப்படுபவர் யார், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் யார் என்று ஒரு தாளைக் கொடுத்து, சுற்றிப்போய்க் கேட்டு எழுதச் சொன்னேன். நான் உட்காருவதற்குள் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரும், வாயே திறக்காமல், தங்களுக்குள்ளேயே பெயர்களை எழுதி முடித்துவிட்டார்கள். யார் வீட்டு நாய் குட்டி போட்டது என்பது வரை அவர்களுக்கு அத்துப்படி. ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒன்றாகப் படிக்கும் என் பழைய மாணவர்களோ பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் மற்றவர்களிடம் கேட்கவில்லை என்று அதட்டினேன். தர்ஷினி அலட்டிக்கொள்ளவில்லை. "இதக் கேட்டா ஒருத்தவங்களத் தெரிஞ்சிக்கிறது, டீச்சர்? வீட்டுல யாரு யாரு இருக்காங்கன்னுதானே மொதல்ல கேக்கணும்."

அவள் கேட்ட கேள்விகள்

சரி, நீயே கேள் என்று மறுநாள் வகுப்பை அவளிடம் விட்டுவிட்டேன். மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனாள். வீட்டில் யார் யார், அம்மாவுக்கு என்ன வேலை, சாயந்தரம் கதவைத் திறந்துவிடுவது யார் என்று விசாரித்தாள். அப்பா வீடு திரும்புவதற்குள் தான் தூங்கிவிடுவதால், அவரைப் பார்க்கவே கடைக்குப் போய்ப் பின்மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவதாக இர்ஃபான் சொன்னான். எனக்கே அது தெரியாது. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்கள், தங்கள் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள் என்பதை அன்றுதான் கண்டுபிடித்துக் குதித்தார்கள்.

வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. நான் அடக்கவில்லை. என் பிள்ளைகள் என்று அவ்வளவு பெருமையாக இருந்தது. சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்? பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்: "நேத்து வரைக்கும் வாயில கொழுக்கட்டையோட இருந்த பிள்ளைங்களா இதுங்க?"

வெள்ளிக்கிழமை

தர்ஷினியின் அம்மா சீக்கிரமே வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. திடலில் இர்ஃபானைத் துரத்திக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு மறுபடி ஓடினாள். இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அவள் காதில் விழவே இல்லை. அம்மா என் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சீன ஸ்கூலுக்குப் போலாம்னு அரை நாள் லீவு போட்டேன் டீச்சர். இவ வீட்டுக்கே வர மாட்டா போல இருக்கு."

தொண்டை கிழியக் கத்தியது நான், விளையாட்டை நடத்தியது அவள், அதை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டல் கிடைத்தது எனக்கு. கிடைப்பதை வேண்டாமென்று சொல்லும் பழக்கம் நம் தொழிலில் யாருக்குத்தான் உண்டு.